ஒரே எல்லைக்கல்லுக்கு மூன்று விதமான ஆள்கூறு, எது சரி?

வடலி:
யாழ். நகரப் பகுதியில ஒரு எல்லைக்கல். பழைய படத்தில கிழக்கு 117, வடக்கு 494 ஆயிரம் சொச்சம். புதுப் படத்தில 417, 794. ஆர்.டி.கே. றிசீவர் (செய்மதி சிக்னலால துல்லியமா இடம் காட்டுற கருவி) 392, 1068 எண்டு காட்டுது. உயரம் சைபருக்குக் கீழ 90 மீற்றருக்கு மேல! மூன்றையும் ஒரே வரைபடத்தில போடலாமா?

முக்கோணவலை:
அப்படியே போடாதேங்கோ. மூன்றும் சரி, உற்பத்திதான் (எண்ணத் தொடங்கும் புள்ளி) வேறு. பழைய கண்டவல (Kandawala) ஆள்கூற்று வலையில் மத்திய புள்ளிக்கு 200000, 200000 கொடுத்தார்கள். 1999 வலையில் 500000, 500000. அதனால்தான் இரண்டிலும் 300000 வித்தியாசம். ஆனால் வெறும் கழித்தல் அண்ணளவுக்கு மட்டுமே. எல்லைக்கு, இரு வலையிலும் ஆள்கூறு தெரிந்த பொதுக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளில் அளந்து மாற்றவேண்டும்.

றிசீவர் தருவது யு.டி.எம். 44 வடக்கு என்ற உலகப் பொது வலை. அதன் நீள்கோளம் (பூமியின் வடிவத்துக்கு எடுத்த கணித உருவம்) டபிள்யூ.ஜி.எஸ். 84, நம்முடையது எவரெஸ்ட். அகலாங்கு நெட்டாங்கை மாற்றாமல் நம் வலையில் போட்டால் புள்ளி ஓரிரு நூறு மீற்றர் விலகும்.

உயரத்தில் பிழையில்லை. இலங்கையைச் சுற்றிக் கடல்மட்டமே நீள்கோளத்துக்கு மிகக் கீழே கிடக்கிறது. கடல்மட்ட உயரம் வேண்டுமென்றால் றிசீவரில் ஜியோயிட் (கடல்மட்டத்தின் வடிவம்) மாதிரியை ஏற்றுங்கோ, பிறகு அருகிலுள்ள மட்டக்குறியில் (உயரம் தெரிந்த குறி) சரிபாருங்கோ.

தியோடலைற்:
மேலே சொன்னதோடு ஒன்று. ஓட்டோகாட் வரைபட மென்பொருளில் X கிழக்கு, Y வடக்கு. அளவைப் பட்டியலில் வடக்கை முதலில் எழுதும் வழக்கமும் உண்டு. மாற்றிப் போட்டால் காணி கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பிவிடும். பக்க நீளம், பரப்பளவு எதுவும் மாறாது! நாடாவால் அளந்து பார்த்தாலும் பிழை பிடிபடாது. மூலைகளை மணிக்கூட்டுத் திசையில் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

வடலி:
நன்றி அண்ணையவை. வலைத்தூரமும் நாடாத்தூரமும் ஒன்றா வருமா? முப்பரிமாணத்திலயும் வரையவேணும்.

முக்கோணவலை:
நம் வலையின் மத்திய நெட்டாங்கில் வலைத்தூரம் 1 கி.மீ.க்கு 76 மி.மீ. குறையும். யாழ்ப்பாணம் 80 கி.மீ. மேற்கே இருப்பதால் இங்கே வித்தியாசம் 1 கி.மீ.க்கு 1 செ.மீ.கூட இல்லை, காணி அளவைக்கு விட்டுவிடலாம். உயர வித்தியாசம்: கிழக்கில் 30, வடக்கில் 40, உயரத்தில் 1.2 மீற்றர் என்றால் கிடைத்தூரம் 50, சாய்தூரம் 50.014. நாடாவைக் கிடையாகப் பிடியுங்கோ.

தியோடலைற்:
முப்பரிமாண மென்பொருளுக்குள் 794000 போன்ற எண்ணை நேரே கொடுக்காதேங்கோ. 32 பிற் மிதவைப்புள்ளி (தசம) எண்ணாகச் சேமித்தால் அந்த அளவில் 6 செ.மீ. படிகளாகத்தான் பதியும், சுவர்கள் நெளியும். 417000, 794000 இரண்டையும் கழித்து உள்ளூர் உற்பத்தி வையுங்கோ. கழித்த எண்களை வரைபடத்திலேயே எழுதிவிடுங்கோ.