பாண் டின்னில் பியர்ஸ் ஓட்ஸ் பார்: மேலே கருகல், நடுவில் கஞ்சி

டிக்கோயா டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். டிக்கோயா பக்கம் ஒரு தோட்டத்தில் நேர்சரி டீச்சராக இருக்கிறேன். வீட்டில் அம்மா, நான், பத்து வயது மகள், மூன்றே பேர். அண்ணன் கட்டாரிலிருந்து வரும்போது ஒரு சின்ன ஓவன் கொண்டுவந்து கொடுத்தார், 19 லீட்டர். முழுக்கோழி போகாது. பாண் டின் ஒன்று போகும். அவ்வளவுதான் அதன் வயிறு.

போன சனிக்கிழமை பண்டாரவளை சித்தி வந்து ஒரு பை பியர்ஸ் கொடுத்துவிட்டுப் போனார். கல் மாதிரி காய்கள். அம்மா அச்சாறு போடச் சொன்னார். மகளோ, யாரோ வீடியோவில் செய்த ஓட்ஸ் க்ரம்பிள் பார்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கீழே ஓட்ஸும் மாவும் அழுத்தி, நடுவில் பழம் வைத்து, மேலே அதே மாவை உதிர்த்துப் போட்டுச் சுட்டுத் துண்டு போடுவார்களே, அது.

அந்த அளவு 9க்கு 13 அங்குல ட்ரேக்கு. என்னிடம் அப்படி ட்ரேயும் இல்லை, சாப்பிட ஆளும் இல்லை. அதனால் எல்லாவற்றையும் பாதியாக்கி பாண் டின்னில் போட்டேன். பட்டர் கட்டியாக இருந்ததால் உருக்கி ஊற்றினேன். பியர்ஸைத் தோல் சீவி, சின்னத் துண்டுகளாக வெட்டி, சீனியில் புரட்டிப் பச்சையாகவே பரப்பினேன். ஓட்ஸ் சாதாரணமாகக் கடையில் கிடைக்கிற, மூன்று நிமிடத்தில் கரைகிற வகை. பின்னேரம் ஆறு மணிக்கு, 180 டிகிரியில், முப்பது நிமிடம்.

மேலே ஓரம் கறுத்துவிட்டது. வெட்டினால் கத்தியோடு நடுப்பகுதி முழுக்க இழுபட்டு வந்தது. அந்தக் களிக்குள் பியர்ஸ் மட்டும் இன்னும் நறுக் நறுக்கென்று இருந்தது. அம்மா ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுவிட்டு, "நல்ல கஞ்சிதான், இதை ஏன் ஓவன்ல வெச்ச?" என்று கேட்டார்.

அளவு பிழையா, ஓட்ஸ் பிழையா, ஓவன் பிழையா? மலையில் இருப்பதால் இப்படி ஆகும் என்று கூட வேலை செய்கிற ஒருவர் சொல்கிறார். இன்னொரு தரம் பட்டரை வீணாக்க மனசு வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுவரெலியா குளிர்:

உயரம்தான் டீச்சர், வேறு ஒன்றும் இல்லை. எங்கள் ஊர் 1,868 மீற்றர். இங்கே தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ரெசிப்பி எழுதுகிறவர்கள் எல்லாம் கடல் மட்டத்தில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். பேக்கிங் பவுடரைக் குறையுங்கள், ஓவனைப் பத்து டிகிரி கூட்டுங்கள்.

வெலிமட பியர்ஸ் மரம்:

தம்பி சொல்வது கேக்குக்குச் சரி. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, கேக் சட்டென்று எழும்பி நடுவில் உட்கார்ந்துவிடும், அதனால் பேக்கிங் பவுடரைக் குறைக்கச் சொல்வார்கள். இந்தப் பார் எழும்பவே தேவையில்லாத சாமான். டீச்சர் பேக்கிங் பவுடர் போட்டதாகவும் சொல்லவில்லை. பாவம் மலையை விட்டுவிடுவோம்.

டீச்சர், என் வீட்டு முற்றத்தில் ஒரு பியர்ஸ் மரம் நிற்கிறது. இருபது வருஷமாக அதோடு மல்லுக்கட்டுகிறேன், அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 9ஐ 13ஆல் பெருக்கினால் 117 சதுர அங்குலம். சாதாரண பாண் டின்னின் அடி எட்டரைக்கு நாலரை, அதாவது 38 சொச்சம். மூன்றில் ஒரு பங்குதான் அதற்குள் அடங்கும். நீங்கள் பாதியைப் போட்டிருக்கிறீர்கள். ஆக, கனம் ஒன்றரை மடங்கு. நேரமோ அதே முப்பது நிமிடம். நடு எப்படி வேகும்? முட்டை இல்லாத பண்டம் என்பதால் மூன்றில் ஒன்றாகப் பிரிப்பதிலும் கஷ்டம் இல்லை, முட்டையை மூன்றாக வெட்டுகிற பிரச்சினை வராது.

அடுத்தது பழம். வீடியோவில் பார்த்தது வெளிநாட்டுப் பியர்ஸாக இருக்கும், அது வெண்ணெய் மாதிரி குழைகிற சாதி. நம்முடையது மணல் கடிபடுகிற, அச்சாறுக்கே பிறந்த சாதி. அதைப் பச்சையாக வைத்தால் வேகவும் வேகாது, சீனி பட்டதும் தண்ணீரை மட்டும் கக்கும். அந்தத் தண்ணீரைக் கீழே இருக்கிற ஓட்ஸ் குடித்துவிடும், அதிலும் மூன்று நிமிட ஓட்ஸ் கேட்கவே வேண்டாம். உங்கள் அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி, அது கஞ்சியேதான்.

அதனால் பழத்தை முதலில் அடுப்பில் வேகவைத்துவிட வேண்டும். தோலும் நடுவும் நீக்கி 300 கிராம் வரட்டும், துண்டு போடாமல் கரட் துருவுகிற துருவியில் பெரிதாகத் துருவுங்கள். இரண்டு மேசைக்கரண்டி சீனி, விரல் நீளக் கறுவாப்பட்டை, கால் கப் தண்ணீர். மூடிபோட்டு இருபது நிமிடம், பிறகு திறந்து வைத்துத் தண்ணீரை வற்றவிடுங்கள். இரண்டு தேக்கரண்டி கோர்ன்ஃப்ளவரைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிளறினால் முதலில் பால் நிறமாகக் கலங்கும். அத்தோடு இறக்கிவிடாதீர்கள், இங்கேதான் தம்பியின் மலை கொஞ்சம் வருகிறது. கோர்ன்ஃப்ளவர் முழுசாகக் கெட்டியாக 95 டிகிரி வரை சூடு கேட்கும். நம் பக்கம் தண்ணீர் கொதிப்பதே அந்த அளவில்தான். ஆகவே ஓரத்தில் இரண்டு குமிழ் வந்ததும் இறக்கினால் போதாது, நடுவிலும் பொளக் பொளக்கென்று இரண்டு நிமிடம் கொதிக்கட்டும். கலங்கல் தெளிந்து பளபளப்பு வரும், கரண்டியால் கோடு இழுத்தால் சட்டியின் அடி ஒரு நொடி தெரியும். அப்போது இறக்குங்கள். தேசிக்காய்ச் சாறு ஒரு தேக்கரண்டி இறக்கிய பிறகுதான், புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் கோர்ன்ஃப்ளவர் இளகிவிடும்.

இன்னொன்று, ருசி பார்த்த கரண்டியை ஆறுகிற சட்டிக்குள் திரும்ப விடாதீர்கள், மகளையும் விடவிடாதீர்கள். எச்சில் பட்டால் கெட்டியான கூழ் கொஞ்ச நேரத்தில் தண்ணீராகிவிடும். நம் எச்சிலில் மாச்சத்தைக் கரைக்கிற சாமான் இருக்கிறது. அந்தக் காலத்தில் எச்சில் கரண்டிக்குத் திட்டு வாங்கினோமே, அதற்கு இப்படியும் ஒரு காரணம்.

மாவுக்கு: கோதுமை மா 100 கிராம், ஓட்ஸ் 75, சிவப்புச் சீனி 65, பட்டர் 75, உப்பு ஒரு சிட்டிகை. கிடைத்தால் பெரிய இதழாக இருக்கிற ஓட்ஸ் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் உங்களிடம் இருப்பதையே வெறும் சட்டியில் வாசம் வரும் வரை வறுத்து ஆறவிட்டுப் போடுங்கள். பட்டரை உருக்கவேண்டாம். நம் குளிருக்குக் கட்டியாக இருப்பது வரம், கொழும்பில் இருப்பவர்கள் இதற்காகவே ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கிறார்கள். சின்னச் சின்னதாக வெட்டிப் போட்டு விரல் நுனியால் மாவோடு உரசுங்கள். புட்டுக்கு மா குழைப்போமே, பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும், அதே பதம். பாணுக்குப் பூசுகிற ஸ்ப்ரெட் மட்டும் வேண்டாம், அதில் தண்ணீர் அதிகம்.

டின்னுக்குள் ஒயில் பேப்பரை இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி போடுங்கள், பிறகு தூக்கி எடுக்க அதுதான் கைப்பிடி. மாவில் மூன்றில் இரண்டு பங்கைக் கீழே போட்டுத் தம்ளர் அடியால் இறுக்கமாக அழுத்துங்கள். அதை மட்டும் பன்னிரண்டு நிமிடம் தனியாகச் சுட்டுவிட்டு, ஆறிய பழத்தைப் பரப்பி, மிச்ச மாவை உதிர்த்து, இன்னும் முப்பது நிமிடம். மேல்கம்பி பக்கத்தில் இருப்பதால் பாதி நேரத்துக்குப் பிறகு ஒரு ஃபொயில் துண்டை மேலே போட்டுவிடுங்கள்.

கடைசியாக, ஆறாமல் வெட்டக்கூடாது. சூடாக இருக்கும்போது பட்டரும் சீனியும் இளகித்தான் இருக்கும். டின்னோடு இரண்டு மணித்தியாலம். இதை யாரும் கேட்பதில்லை, நானும் முதலில் கேட்கவில்லை.

தலவாக்கலை வயர்மேன்:

அக்கா எல்லாம் சொல்லிவிட்டார். நான் கரண்ட் பக்கம் மட்டும் சொல்கிறேன். டீச்சர், பின்னேரம் ஆறு மணி என்றீர்கள். லயத்துப் பக்கம் அந்த நேரம் பல்ப் மங்குகிறதா? மங்கினால் ஓவனுக்கும் அதே கதிதான். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 200 வந்தால், சூடு கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு குறையும். வோல்ட் குறைகிற அளவை விடச் சூடு அதிகமாகக் குறையும், கணக்கு அப்படி. ஓவன் சூடாக வழக்கத்தை விடக் கூட நேரம் எடுக்கும், நீங்கள் நேரத்தைப் பார்த்து உள்ளே வைத்துவிடுவீர்கள். காலையில் செய்யுங்கள்.

இன்னொன்று, சின்ன ஓவன்களில் திருகுகிற இலக்கத்தை நம்பவேண்டாம். வெப்பமானி இல்லாவிட்டால் சீனியை வைத்துப் பார்க்கலாம். வெள்ளைச் சீனி உருகுவது 186 டிகிரியில். ஃபொயிலில் ஒரு தேக்கரண்டி சீனி வைத்து, நன்றாகச் சூடேறிய ஓவனில் 180இல் பதினைந்து நிமிடம் விடுங்கள், உருகக்கூடாது. 190இல் பதினைந்து நிமிடம், உருக வேண்டும். எந்த இலக்கத்தில் உருகுகிறதோ அதுதான் உங்கள் ஓவனின் 190.

பதுளை வீட்டுச் சமையல்:

நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். பியர்ஸுக்குப் பதில் அன்னாசி போடலாமா? அன்னாசி போட்டால் எதுவும் இறுகாது என்கிறார்களே.

வெலிமட பியர்ஸ் மரம்:

அது ஜெலட்டின் கதை தங்கச்சி. பச்சை அன்னாசியில் இருக்கிற நொதியம் ஜெலட்டினைச் சிதைத்துவிடும், அதனால்தான் புடிங் இறுகாது. கோர்ன்ஃப்ளவரை அது ஒன்றும் செய்யாது. தாராளமாகப் போடுங்கள், தண்ணீரை மட்டும் நன்றாக வற்றவிடுங்கள்.

டிக்கோயா டீச்சர்:

அக்கா, தம்பி, எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆரம்பித்தேன்.

முதலில் சீனி. 180இல் வைத்தேன், வைத்தபடியே இருந்தது. 190இல் அதே. 200இல் ஓரமாக இரண்டு சீனி மணி மட்டும் மின்னின மாதிரி இருந்தது. 210இல்தான் தண்ணீராக ஓடியது. ஆக, நான் 180 என்று நினைத்தது 160தான். அந்த உருகின சீனி ஆறிக் கண்ணாடி மாதிரி ஆனதும் மகள் உடைத்துத் தின்றுவிட்டாள், அவளுக்கு அன்றைக்கு இதுவே போதும் போல இருந்தது.

பியர்ஸ் துருவும்போது விரல் நகமும் கொஞ்சம் போயிற்று. மற்றபடி அக்கா சொன்னதெல்லாம் அப்படியே. அந்தப் பளபளப்பு வருகிற நேரம் கண்ணுக்குத் தெளிவாகவே தெரிகிறது, போன தரம் போட்ட துண்டுகளை நினைத்து வெட்கமாக இருந்தது. ஓவனை 200இல் வைத்தேன், அடி பன்னிரண்டு நிமிடம், பிறகு முப்பத்தைந்து. ஃபொயில் போட்டதால் மேலே பொன்னிறம், கருகல் இல்லை.

ஆறு துண்டு. நாலு கத்தி வைத்த இடத்தில் நேராக வெட்டுப்பட்டது. ஓரத்து இரண்டும் உதிர்ந்துபோனது, ஏனென்றால் முக்கால் மணித்தியாலத்திலேயே மகளுக்காக அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டேன். அக்கா திட்டலாம்.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும். டப்பாவில் மூடித்தான் வைத்தேன். செவ்வாய்க்கிழமை பார்த்தால் மேல் மாவு நமத்துவிட்டது. இதற்கு என்ன செய்வது?

வெலிமட பியர்ஸ் மரம்:

திட்டவில்லை, நான் அரை மணித்தியாலத்திலேயே வெட்டினவள்.

நமத்தது உங்கள் கைப்பிழை இல்லை. ஆடி மாதம் உங்கள் பக்கம் மழையும் மூடுபனியும், வீட்டுக்குள் போட்ட துணியே காயாது. அதே ஆடியில் எங்கள் பக்கம் காய்ந்த காற்று, என் வீட்டில் ஐந்து நாள் மொறுமொறுவென்று இருக்கும். மார்கழியில் வாருங்கள், எங்களுக்கும் மழை, என்னுடையதும் நமக்கும். அதற்காகத்தான் சின்ன டின்னில் செய்வது, இரண்டு நாளில் முடிந்துவிட வேண்டும். மிஞ்சினால் ஓவனைச் சூடாக்கிக் கரண்டைச் செலவழிக்காமல், ரொட்டிக் கல்லில் மிகச் சிறு நெருப்பில் மூடிபோடாமல் ஐந்து நிமிடம் வைத்து, எடுத்து ஆறவிடுங்கள். சூட்டில் இளகும், ஆறினதும் மொறுமொறுப்பு வரும்.

டிக்கோயா டீச்சர்:

ரொட்டிக் கல் வேலை செய்தது அக்கா. அடிதான் அதிகமாக மொறுமொறுத்தது, மேலே பரவாயில்லை. நேர்சரிக்கு ஒன்றை எடுத்துப்போய்ப் பாதியை ஆயம்மாவுக்குக் கொடுத்தேன், கடையில் வாங்கினதா என்று கேட்டார்.

கடைசித் துண்டை அம்மா ப்ளேன்டீயோடு சாப்பிட்டார். நல்லாயிருக்கு என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அச்சாறு போட்டிருந்தா இந்நேரம் ரெண்டு போத்தல் இருந்திருக்கும்" என்றும் சொன்னார். பையில் இன்னும் ஐந்து பியர்ஸ் இருக்கிறது. கடுகு அரைத்து வைத்தாயிற்று.