'என் வாக்கு விற்பனைக்கு அல்ல' தாளை எந்தத் தெருவில் ஒட்டுவது?

வெண்ணாற்றங்கரை:
நீடாமங்கலத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். ஒன்பது பேர் சேர்ந்து கட்சி சார்பில்லாமல் வாக்காளர் விழிப்புணர்வு வேலை பார்க்கிறோம். 2024 மக்களவைத் தேர்தலில் தொடங்கினோம். ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களைத் தேர்தல் ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்கி, சொத்து, கடன், வழக்கு, படிப்பு நான்கையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் அடித்து டீக்கடை, ரேஷன் கடை, பால் சொசைட்டி வாசலில் ஒட்டினோம். ஜனங்கள் நின்று படித்தார்கள். 'இவ்வளவு நகை வைத்திருக்கிறவர் பெயரில் ஒரு கார்கூட இல்லையா' என்று டீக்கடையில் ஒரு வாரம் அதே பேச்சு.

கூடவே 'என் வாக்கு விற்பனைக்கு அல்ல' என்று இன்னொரு தாளும் ஒட்டினோம். வம்பு அதில்தான். கீழத்தெருவில் ஒட்டியது மறுநாள் காலையில் இல்லை. கட்சிக்காரர்கள் கை வைக்கவில்லை, தெருக்காரர்களே கிழித்தார்கள் என்று தெரிகிறது.

உள்ளாட்சித் தேர்தல் எப்போது அறிவித்தாலும் மறுபடி இறங்குவதாக இருக்கிறோம். அந்தத் தாளை இந்த முறையும் ஒட்டுவதா, விட்டுவிடுவதா என்று எங்களுக்குள்ளேயே சண்டை. டெல்டாக்காரர்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

குறுவைக்காரன்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கிழித்தால் மறுபடி ஒட்டுங்கள். 2016-ல் தஞ்சாவூர்த் தொகுதியில் என்ன நடந்தது என்று மறந்துவிட்டதா? மே 16-ல் நடக்க வேண்டிய சட்டமன்றத் தேர்தலைப் பண விநியோகத்துக்காக ஆணையம் ஒத்திவைத்தது, மறுபடி ஒத்திவைத்தது, கடைசியில் அறிவிக்கையையே ரத்து செய்தது. அரவக்குறிச்சிக்கும் அதே கதி. நவம்பர் 19-ல்தான் ஓட்டுப் போட்டோம். ஆறு மாதம் எம்எல்ஏ இல்லாமல் கிடந்தோம். அந்த அவமானத்துக்கு அப்புறமும் கை நீட்டுகிறவர்களிடம் தாள்கூட ஒட்டக்கூடாதா?

பழைய பிஎல்ஓ:
தம்பி, நான் வாக்குச்சாவடி நிலை அலுவலராக, அதாவது பிஎல்ஓவாக, இருந்தவன். அந்தத் தாளில் அச்சிட்டவர் பெயர், வெளியிட்டவர் பெயர் போட்டீர்களா? வேட்பாளர்களைப் பற்றி அச்சடித்து ஒட்டுகிறீர்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நல்ல காரியம்தான் செய்கிறீர்கள், ஆனால் யாராவது புகார் கொடுத்தால் பறக்கும் படைக்கு உங்கள் நல்ல மனசு தெரியாது.

வெண்ணாற்றங்கரை:
போடவில்லை சார். மன்னார்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எடுத்தது.

கீழத்தெரு:
ஒரே ஒரு கேள்வி தம்பி. அந்த விற்பனைத் தாளை மேலத்தெருவில் எத்தனை ஒட்டினீர்கள்?

வெண்ணாற்றங்கரை:
ஒட்டவில்லை அண்ணே. மூன்று தாள்தான் மிச்சம் இருந்தது. காசு எங்கே அதிகம் கொடுப்பார்களோ அங்கே ஒட்டலாம் என்று நினைத்தோம்.

கீழத்தெரு:
அதாவது, யார் விற்பார்கள் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள்.

நான் சொல்கிறேன் கேளுங்கள். எங்கள் தெருவுக்கு வருவது ராத்திரி பத்து மணிக்குக் கவரில் வருகிறது. எண்ணிக் கொடுப்பதால் ஊருக்கே தெரிகிறது. மேலத்தெருவுக்கு வருவது தேர்தல் முடிந்து ஆறு மாதம் கழித்து வாய்க்கால் தூர்வாரும் காண்டிராக்டாக வருகிறது, கல்வெர்ட் வேலையாக வருகிறது, நெல் கொள்முதல் நிலையத்தில் அவர்கள் மூட்டைக்கு மட்டும் முதலில் எடை போடுகிற மரியாதையாக வருகிறது. அதை யாரும் வாக்கை விற்றதாகச் சொல்வதில்லை, செல்வாக்கு என்கிறார்கள். மொத்த வியாபாரத்தை விட்டுவிட்டுச் சில்லறை வியாபாரத்தின் சுவரில் வந்து தாள் ஒட்டினால் எப்படி?

குறுவைக்காரன்:
சும்மா தெருக் கணக்குப் பேச வேண்டாம். சட்டத்தில் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 170-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். மேலத்தெரு, கீழத்தெரு என்று அதில் இல்லை.

இன்னொன்று. ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுப்பதில் பழைய மண் இது. பராந்தக சோழன் காலத்திலேயே, 919-லும் 921-லும், உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலைக்கு விதி வெட்டி வைத்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமில்லை, அவன் சொந்தக்காரனும் நிற்க முடியாது. அப்படிப்பட்ட பரம்பரையில் வந்துவிட்டு இருநூறுக்கும் ஐந்நூறுக்கும் நியாயம் பேசுகிறோம்.

கீழத்தெரு:
கல்வெட்டை அந்த ஒரு வரியோடு மூடிவிடாதீர்கள் ஐயா. ஓலையில் பெயர் எழுத என்ன தகுதி? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், வேலி என்பது நில அளவு. சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை. என் முப்பாட்டனுக்குக் கால் வேலி எங்கே இருந்தது? அடுத்தவர் வேலியில் நாற்றுப் பறித்தவர் அவர். அந்தக் குடத்தில் எங்களுக்கு ஓலையே கிடையாது.

எங்களுக்கு ஓலை கிடைத்தது 1952-ல். என் தாத்தா பண்ணையில் இருந்தவர். முதல் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து மை வைத்த விரலை இரண்டு நாள் சாப்பாட்டில் படாமல் தூக்கியே வைத்திருந்தாராம், அப்பா சொல்வார். கூலி அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதற்கு வெண்மணியில் 44 பேரை எரித்த மண்ணும் இதே மண்தான், 1968 டிசம்பர் 25. ஓட்டின் அருமையை எங்கள் தெருவுக்கு வந்து போதிக்கிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூர் பனியன்:
இடையில் ஒரு வார்த்தை. ஏப்ரல் 19-க்கு நான் திருப்பூரிலிருந்து ஊருக்கு வந்தேன். பேருந்தில் இடம் இல்லை, திருச்சி வரை நின்றுகொண்டே வந்தேன். போக வரச் செலவு, இரண்டு நாள் வேலை போச்சு. 'வந்துடு மாப்ளே, பஸ்ஸுக்குப் பார்த்துக்கறோம்' என்று போன் பண்ணியது கட்சிக்காரர்கள்தான். விழிப்புணர்வுக்காரர்கள் ஒருவரும் கூப்பிடவில்லை. அந்தக் காசை லஞ்சம் என்பதா, பஸ் டிக்கெட் என்பதா?

பழைய பிஎல்ஓ:
வாக்குப்பதிவு நாளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவு சொல்கிறது. தினக்கூலிக்கும் சேர்த்துத்தான்.

திருப்பூர் பனியன்:
பீஸ் ரேட்டில் தைக்கிறவனுக்கு எந்தப் பீஸுக்கு சார் சம்பளம் போடுவார்கள்?

வெண்ணாற்றங்கரை:
சரி, வாங்காதே என்று சொல்வதை விட்டுவிடுகிறோம். 'வாங்கினாலும் மனசுக்குப் பட்டவருக்குப் போடு' என்று எழுதினால்? யாருக்குப் போட்டோம் என்று யாருக்கும் தெரியப்போவதில்லையே. யாருக்குப் போட்டோம் என்று இயந்திரத்தின் பக்கத்துப் பெட்டியில் அச்சாகிற விவிபாட் சீட்டு ஏழு விநாடி கண்ணாடிக்குள் தெரியும், அப்புறம் பெட்டிக்குள் விழுந்துவிடும். இது பல பேருக்குத் தெரியவில்லை.

மகளிர்குழு கணக்கர்:
தம்பி, ஆள் தெரியாது. தெரு தெரியும். வாக்கு எண்ணி முடித்ததும் படிவம் 20 என்று ஒன்று வருகிறதே, அதில் எந்த வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை என்று வரிசையாக இருக்கிறது. எங்கள் இரண்டு தெருவுக்கும் சேர்த்து ஒரே சாவடி. காசு கொடுத்தவர் அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் அடுத்த மாதம் எங்கள் குழுத் தலைவியிடம் வந்து, 'என்னம்மா, நானூறு பேருக்குக் கொடுத்தேன், நூற்றுப்பத்துதான் விழுந்திருக்கிறது' என்று கேட்டார். அதற்கப்புறம் தெருவிளக்கு ஏழு மாதம் எரியவில்லை. காரணம் அதுதானா என்று நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் தெருவில் எல்லாரும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

பழைய பிஎல்ஓ:
அம்மா சொல்வது சரி. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்துவிட்டு எண்ண வழி இருந்தது. இயந்திரம் வந்த பிறகு அது போய்விட்டது. டோட்டலைசர் என்று ஒரு கருவி வைத்துப் பல இயந்திரங்களின் எண்ணிக்கையைச் சேர்த்து வெளியிடலாம் என்று தேர்தல் ஆணையம் 2008-லேயே கேட்டது. சட்ட ஆணையமும் 2015-ல் பரிந்துரைத்தது. இன்னும் வரவில்லை. ஊராட்சித் தேர்தலில் இது இன்னும் மோசம், வார்டு என்பதே ஒன்றிரண்டு தெருதான். நூற்றைம்பது ஓட்டில் யார் போடவில்லை என்று விரல் விட்டு எண்ணிவிடுவார்கள்.

மகளிர்குழு கணக்கர்:
வந்ததுக்கு என் குறையையும் சொல்லிவிடுகிறேன். தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்னால் தொப்பி போட்டுக்கொண்டு வருகிறீர்கள். கிராம சபைக்கு எத்தனை பேர் வந்தீர்கள்? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு இருக்கிறது. எங்கள் ஊர் மூவாயிரத்துக்கு மேல் ஜனத்தொகை, இருநூறு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். அந்த இருநூறு எப்படி வரும் தெரியுமா? நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை அப்படியே கூட்டி வந்து உட்கார வைப்பார்கள். கையெழுத்து நோட்டு கூட்டத்துக்கு முன்னாலேயே வீட்டு வாசலுக்கு வந்துவிடும். வரவு செலவைப் படிப்பார்கள், மைக் இரையும், பாதி புரியாது, டீ வந்ததும் எழுந்துவிடுவோம்.

இரண்டு வருஷம் முன்பு ஒரு அக்டோபர் 2. சுடுகாட்டுப் பாதைக்குத் தீர்மானம் போடச் சொன்னோம். மழைக்காலத்தில் செத்தால் பிணத்தைத் தூக்கிக்கொண்டு நடவு வயலில் இடுப்பளவு சேற்றில் இறங்கித்தான் போக வேண்டும், வரப்புக்காரர் ஒரு பக்கம் சத்தம் போடுவார். 'பார்க்கலாம்மா' என்றார்கள். நோட்டில் ஏறவில்லை. அடுத்த சபைக்குக் கல்லூரியில் படிக்கிற மூன்று பெண்களை அழைத்துப் போனேன். போன கூட்டத்துத் தீர்மானங்களைப் படித்துக் காட்டுங்கள் என்று எழுந்து நின்று கேட்டார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். அன்றைக்கு எழுதினார்கள். பாதை இன்னும் வரவில்லை, ஆனால் தீர்மான எண் என்னிடம் இருக்கிறது. அந்த மூன்று பெண்களைத்தான் நான் தன்னார்வலர் என்பேன்.

இப்போது தலைவரும் இல்லை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்தவர்களுக்கு 2025 ஜனவரி 5-ஓடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்துவிட்டார். கேள்வி கேட்க ஆள் இல்லாத இந்த நேரத்தில்தான் நீங்கள் சபைக்கு வந்திருக்க வேண்டும்.

வெண்ணாற்றங்கரை:
ஒன்பது பேரில் இரண்டு பேர்தான் இதுவரை கிராம சபைக்குப் போயிருக்கிறோம் அக்கா. நான் அந்த இரண்டில் இல்லை.

குறுவைக்காரன்:
எல்லாம் சரி அம்மா, உங்கள் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. ஆனால் பேச்சு எங்கே போகிறது பாருங்கள். கிராம சபை, படிவம் 20, பஸ் டிக்கெட் என்று சுற்றிக் காசு வாங்குவதை நைசாக நியாயப்படுத்தியாகிவிட்டது. நான் கேட்கிறேன், தலைவர் பதவிக்கு நிற்கிறவன் ஓட்டுக்கு இரண்டாயிரம் வீதம் ஆயிரம் பேருக்குக் கொடுத்தால் இருபது லட்சம். அதை எங்கிருந்து திரும்ப எடுப்பான்? அவன் சம்பளத்திலா? உங்கள் சுடுகாட்டுப் பாதையிலிருந்துதான் எடுப்பான். தெருவிளக்கிலிருந்து எடுப்பான். கொடுத்த ஒரு ராத்திரிக்கு நீங்கள் ஐந்து வருஷம் வட்டி கட்டுகிறீர்கள். இதைச் சொன்னால் நான் மேலத்தெருக்காரன்!

கீழத்தெரு:
இதைத் தாளில் எழுதியிருந்தால் நான் கிழித்திருக்க மாட்டேன்.

வெண்ணாற்றங்கரை:
அண்ணே. நீங்களா?

கீழத்தெரு:
இரண்டு தாள் நான் கிழித்தது. மூன்றாவதை ஆடு தின்றுவிட்டது, அதற்கு நான் பொறுப்பில்லை.

'விற்பனைக்கு அல்ல' என்று என் வீட்டுச் சுவரில் எழுதினால் நான் விற்கிறவன் என்று ஆகிறது. ஐயா சொன்ன இருபது லட்சம் கணக்கு அப்படியில்லை. அதில் திருடு போனது என் பாதை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டா இல்லையா?

பழைய பிஎல்ஓ:
உண்டு. நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வாசகம் எழுதி ஊர்வலம் விட்டவன், எனக்கே இன்றைக்குத்தான் உறைக்கிறது.

வெண்ணாற்றங்கரை, ஊராட்சித் தேர்தலில் ஒருவருக்கு நான்கு ஓட்டு. வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். முதல் இரண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. நான்கு நிறத்தில் சீட்டு தருவார்கள், பாதிப் பேர் ஒரே சின்னத்தைத் தேடி நான்கிலும் குத்திவிட்டு வருவார்கள், செல்லாமல் போகும். அதையும் உங்கள் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். திருப்பூர் போனவர்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தேர்தல் அறிவித்த பிறகு பட்டியலைத் தூக்கிக்கொண்டு ஓடினால் பிரயோசனமில்லை.

திருப்பூர் பனியன்:
என் பெயரை முதலில் பாருங்கள் சார். பாகம் எண் தனியாக அனுப்புகிறேன்.

வெண்ணாற்றங்கரை:
சரி, இப்படிச் செய்கிறோம். பழைய தாள் வேண்டாம். கடைசியாகக் கிராம சபையில் வைத்த வரவு செலவைக் கேட்டு வாங்கி, அதில் நம் தெருக்களுக்கு எழுதிய வேலை எது, நடந்தது எது என்று இரண்டு பத்தியில் போடுகிறோம். கீழே குறுவைக்காரன் ஐயாவின் இருபது லட்சம் கணக்கு. அடியில் அச்சிட்டவர் பெயர். இந்த முறை முதலில் மேலத்தெரு.

கீழத்தெரு:
பசை வாங்காதே. மைதா காய்ச்சி நான் கொண்டுவருகிறேன். கடைப் பசையை ஆடு நக்குகிறது.

மகளிர்குழு கணக்கர்:
வரவு செலவு நகல் கேட்டால் 'அப்புறம் வா' என்பார்கள். எழுத்தில் கேள், கொடுத்த மனுவுக்கு ரசீது வாங்காமல் வாசலை விட்டு இறங்காதே.

வெண்ணாற்றங்கரை:
குறுவைக்காரன் ஐயா, கணக்கு உங்களுடையது. உங்கள் ஊருக்கும் பத்துத் தாள் அனுப்புகிறேன். உங்கள் வீட்டுச் சுவரிலிருந்தே தொடங்கலாமா?

குறுவைக்காரன்:
தாராளமாக அனுப்புங்கள் தம்பி, நானே நின்று ஒட்ட வைக்கிறேன். என் வீட்டுச் சுவர் மட்டும் வேண்டாம், இப்போதுதான் வெள்ளையடித்தேன். எதிரே பஸ் ஸ்டாப் இருக்கிறது.