கோத்தகிரி ஈரத்தில் பேஸ் கிட்டாருக்கு எந்தப் பூச்சு?

வணக்கம். மரவேலையும் கிட்டார் வேலையும் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் யாராவது வழி சொல்லுங்கள்.

எங்கள் தேவாலயப் பாடகர் குழுவுக்காக, பாகங்களாக வாங்கிய நான்கு தந்தி பேஸ் கிட்டாரைக் கோத்தகிரியில் வீட்டிலேயே பொருத்திக்கொண்டிருக்கிறேன். உடல் பாஸ்வுட், கழுத்து மேப்பிள். 320 எண் உப்புத்தாள் வரை தேய்த்தாயிற்று. கை வைத்தால் வழுக்குகிறது. பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அடுத்தது பூச்சு.

வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டது. சுவரெல்லாம் ஈரம். இந்தக் காற்றில் நைட்ரோ லாக்கர் (கரைப்பான் ஆவியாகிக் காயும் பளபளப்புப் பூச்சு) அடித்தால், கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, ஈரம் படிந்து வெள்ளை பூத்துவிடும். டங் எண்ணெய் (டங் மர விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய்) பூசினால் அந்தத் தொல்லை இல்லை; கீறல் விழுந்தாலும் அந்த இடத்தை மட்டும் தேய்த்துச் சரிசெய்யலாம். என் மனம் அதில்தான் நிற்கிறது. ஆனால் அது ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவது, குளிரில் இன்னும் மெதுவாகும். பாஸ்வுட்டோ நகம் பட்டாலே பள்ளம் விழும் மரம். எண்ணெய் மட்டும் தாங்குமா? குன்னூர், ஊட்டிப் பக்கம் பூசியவர்கள் ஒவ்வொரு பூச்சுக்கும் எவ்வளவு நாள் காயவிட்டீர்கள்?

இன்னொன்று, உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குத் துளை போட வேண்டும். தந்தி நீளம் 34 அங்குலம்; கழுத்தின் மேல்முனையில் தந்திகள் அமரும் நட்டிலிருந்து 12ஆவது ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை 17. தடித்த ஈ தந்தியின் சேடில் (பிரிட்ஜில் அந்தத் தந்தி அமரும் நகரும் துண்டு) சற்றுப் பின்னால் போக இடம் வேண்டும். பிரிட்ஜ் கழுத்துக்கு நேராக அமர, ஓரத் தந்திகள் இரண்டுக்கும் நூல் கட்டிக் கோடு பார்த்தால் போதுமா?

தந்தி முறுக்கியபின் கழுத்தின் வளைவைப் பார்த்துத் தரக்கூடியவர் நீலகிரியில் இருந்தால் சொல்லுங்கள். பஸ் ஏறி நானே கொண்டுவருகிறேன்.