ஹேலோ காருக்குத் தமிழ்: ‘பேர்சொல்லி’ சரியாக வருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

லாபத்துக்காக அல்லாமல், நிறுவனத்தின் பேரை உயர்த்தி அதன் மற்ற கார்களை விற்க உதவுவதற்காகச் செய்யும் காரை ஆங்கிலத்தில் ‘ஹேலோ கார்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘ஒளிவட்டக் கார்’ போதும் என்று நேற்று இந்த இழையில் ஒருவர் எழுதியிருந்தார். ஒன்றில் கண்ட சிறப்பை வைத்து மற்றதையும் நல்லதாக எண்ணுவதற்கு உளவியலில் ‘ஒளிவட்ட விளைவு’ (halo effect) என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது என்ற அவரது வாதம் நியாயமானதுதான். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒளிவட்டம் என்றதும் சாமி படத்தில் தலைக்குப் பின்னால் இருக்கும் வட்டம்தான் கண்ணில் வருகிறது. அப்படிப் பார்த்தால் கார்தான் சாமி. இங்கே ஒளி விழ வேண்டியது நிறுவனத்தின்மேல், அது விற்கும் மற்ற கார்களின்மேல்.

டொயோட்டாவின் சொகுசுக் கார் பிராண்டான லெக்சஸ் செய்த எல்எஃப்ஏ (LFA) என்ற ஸ்போர்ட்ஸ் காரைப் பாருங்கள். 1989இல் விற்பனைக்கு வந்த லெக்சஸ், சத்தமில்லாத, பழுதாகாத கார் என்று பேர் வாங்கிவிட்டது. உடம்பு சிலிர்க்க ஓட்டுவதற்கு மட்டும் ஆட்கள் வேறு கார்களைத் தேடினார்கள். அதை மாற்ற டொயோட்டா சுமார் பத்தாண்டு உழைத்தது. பாதி வழியில் அலுமினிய உடலைக் கைவிட்டுக் கார்பன் இழைக்கு மாறினார்கள். அதை நெய்ய வட்டத்தறி ஒன்றையும் உருவாக்கினார்கள். டொயோட்டாவின் மூலமே தறி செய்த குடும்பம் அல்லவா, இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்! 4.8 லிட்டர் வி10 இன்ஜின், நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் நிலையிலிருந்து நிமிடத்துக்கு 9,000 சுற்று என்ற வேகத்தை 0.6 விநாடியில் தொடும். முள்ளால் ஈடுகொடுக்க முடியாது என்று சுற்றுமானியைத் திரையில் வைத்தார்கள். விலை 3,75,000 டாலர். 2010 முதல் 2012 வரை செய்தது 500 கார்தான்.

பத்தாண்டுச் செலவை 500 காரில் எடுக்க முடியாது. எடுப்பது நோக்கமும் இல்லை. இதைப் பார்த்து வாய்பிளந்தவர் லெக்சஸ் கடைக்குள் நுழைந்து, தன் கைக்கு எட்டும் செடானை வாங்க வேண்டும். கற்ற வித்தையும் வீண்போகவில்லை. எல்எஃப்ஏ உருவான மோட்டோமாச்சி ஆலையில்தான் பின்னால் லெக்சஸின் எல்சி (LC) என்ற இரு கதவு காரைக் கட்டினார்கள்.

சம்பாதித்துப் போடும் பிள்ளை வேறு, பேர் சொல்லும் பிள்ளை வேறு என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. எல்எஃப்ஏ இரண்டாவது ரகம். அதனால்தான் ‘பேர்சொல்லி’ என்கிறேன். கதைசொல்லி, குறிசொல்லி போல நாக்கில் நிற்கும். ‘பெயர்சொல் கார்’ என்று வினைத்தொகையாக்கலாமா என்றும் யோசித்தேன். பெயர்ச்சொல்லோடு குழம்பும், வேண்டாம்.

அப்புறம், ‘முதன்மைக் கார்’ (flagship) என்ற யோசனை. அது லெக்சஸின் பெரிய செடானான எல்எஸ் (LS) மாதிரி, வழக்கமான வரிசையின் உச்சியில் விற்கும் காருக்குப் பொருந்தும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம்.

“எல்எஃப்ஏ, லெக்சஸின் பேர்சொல்லி.” வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.