லைஃப் இன் த யூகே தேர்வு: புத்தகம் படிக்கணுமா, ஆப் போதுமா?

ஹரோ_நிலவன்
ஐ.எல்.ஆருக்கும் (யூகேயில காலவரையறை இல்லாமல் இருக்கிற அனுமதி) சிட்டிசன்ஷிப்புக்கும் போட இருக்கிற ஆக்களுக்காக இந்தத் திரி. "புத்தகத்தைத் தொடாதேங்கோ, ஆப்பில மாதிரிக் கேள்வியள் செய்தாக் காணும்" எண்டு எல்லா வாட்ஸப் குழுவிலையும் சொல்லுகினம். 24 கேள்வி, 45 நிமிசம், 18 சரியெண்டால் பாஸ், ஒவ்வொரு தடவையும் 50 பவுண்ஸ். இதுக்கு அரசாங்கம் போட்ட அந்த முழுப் புத்தகமும் தேவையோ? தெரிஞ்ச ஆக்கள் காரணத்தோட எழுதுங்கோ.

ஷிப்ட்காரன்
ஆப் போதும். இது பட்டப்படிப்பு இல்ல, ஒரு வாசல். 18 வாங்கினவனுக்கும் 24 வாங்கினவனுக்கும் ஒரே பாஸ்தான். ஆறு கேள்வி தப்பாப் போகலாம், தப்புக்கு மார்க் கழிக்கிறதும் இல்ல, அதனால எதையும் காலியா விடாம குத்திட்டு வரலாம். கேள்வி வகை நாலுதான்: நாலுல ஒண்ணு, நாலுல ரெண்டு, சரியா தப்பா, ரெண்டு வாக்கியத்துல எது சரி. எழுதுற வேலையே கிடையாது. நைட் ஷிப்ட் முடிச்சு வர்றவன்கிட்ட கல்வெட்டுக் காலத்துலேருந்து படின்னு சொல்றது நடக்கிற காரியமா?

புத்தகப்புழு_64
"நாலுல ரெண்டு" என்ற அந்த வகையில்தான் ஆப்பை நம்பியவர்கள் விழுகிறார்கள். இரண்டும் சரியாக இருந்தால்தான் அந்த மதிப்பெண். ஒரே கேள்வியைப் பலமுறை பார்த்துப் பதிலின் முகத்தைப் பழகிக்கொண்டவருக்கு, அதே விஷயத்தைத் திருப்பிப் போட்டுக் கேட்டால் கை நடுங்கும். உண்மைக் கேள்வித்தாளை யாரும் வெளியிடுவதில்லை. ஆப்பில் இருப்பவை புத்தகத்தைப் பார்த்து மற்றவர்கள் உருவாக்கியவை.

வரலாற்று அத்தியாயத்தில் ஒரு துண்டை மட்டும் பாருங்கள். இரண்டாம் ஜேம்ஸ் கத்தோலிக்கர். அவருக்கு மகன் பிறந்ததும், கத்தோலிக்க ஆட்சி நிலைத்துவிடும் என்று பயந்த புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் 1688இல் அவருடைய மருமகன் ஆரஞ்சு வில்லியமை அழைத்தார்கள். ஜேம்ஸ் பிரான்சுக்கு ஓடினார். வருகிற அரசர்களுக்குக் கடிவாளம் போட 1689இல் உரிமைச் சட்டம் வந்தது. ஜேம்ஸ் அயர்லாந்து வழியாகத் திரும்ப முயன்று 1690இல் பாய்ன் போரில் தோற்றார். இதற்கிடையே ஜேம்ஸின் மகள் ஆன் அரசிக்குப் பிள்ளைகள் யாரும் தங்கவில்லை. அடுத்து யார் என்ற கவலையும் சேர்ந்துதான் 1707இல் ஸ்காட்லாந்து இணைப்பு. 1714இல் ஆன் இறந்ததும் ஜெர்மனியிலிருந்து முதலாம் ஜார்ஜ் வந்தார். அவருக்கு ஆங்கிலம் சரளமாக வராது, அமைச்சர்களை நம்பியே ஆள வேண்டியிருந்தது. அந்த இடத்தில்தான் 1721இல் வால்போல் முதல் பிரதமராகிறார். அரியணையை மீட்க வந்த ஜேம்ஸின் பேரன் சார்லஸ் ஒருவழியாக 1746இல் கலோடனில் தோற்றார்.

ஏழு ஆண்டு எண்கள், இரண்டு போர், ஒரு பிரதமர். குடும்பக் கதையாகப் படித்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும். ஆப்பில் தனித்தனியாக மனப்பாடம் செய்தவர் பாய்னையும் கலோடனையும் மாற்றிப் போடுவார். 1679இன் ஹேபியஸ் கார்ப்பஸ் (ஆட்கொணர்வு) சட்டத்தையும் 1689இன் உரிமைச் சட்டத்தையும் குழப்பிக்கொள்வார்.

ஷிப்ட்காரன்
ஜேம்ஸ் குடும்பத்துக்குச் சங்கிலி இருக்கு, ஒத்துக்கிறேன். லண்டன் ஐ ராட்டினம் 135 மீட்டர் உயரம்னு புத்தகம் சொல்லுது, அதுக்கு என்ன சங்கிலி? ரோஜர் பேனிஸ்டர் நாலு நிமிஷத்துக்குள்ள ஒரு மைல் ஓடினது 1954, 1966 உலகக் கோப்பையில கேப்டன் பாபி மூர், செயின்ட் டேவிட் நாள் மார்ச் 1, செயின்ட் ஆண்ட்ரூ நாள் நவம்பர் 30. எல்லாமே தனித்தனிக் கல்லு. கவிஞர், ஓவியர், விளையாட்டு வீரர் பட்டியலுக்கு அட்டையும் ஆப்பும்தான் சரி. எட்டாம் ஹென்றியோட ஆறு மனைவிகள்ல மூணு பேர் கேத்தரின், ரெண்டு பேர் ஆன். அதைக் காரண காரியத்தோட படிச்சு என்ன பண்றது, "விலக்கு, வெட்டு, சாவு, விலக்கு, வெட்டு, பிழைப்பு"ன்னு வரிசையா ஒப்பிக்கணும், அவ்வளவுதான்.

வழக்காடி
நீங்கள் இருவரும் அந்தப் புத்தகத்தை வேதம் மாதிரி வைத்துப் பேசுகிறீர்கள். 2013இல் வந்த மூன்றாம் பதிப்பில், 1947இல் ஒன்பது நாடுகளுக்குச் சுதந்திரம் வழங்கப்பட்டது, அவற்றில் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை அடக்கம் என்று ஒரு வரி வரும். இலங்கைக்குச் சுதந்திரம் 1948 பிப்ரவரி 4. இங்கே திரியில் இருக்கிற பாதிப் பேர் பள்ளியில் அந்த நாளுக்குக் கொடி பிடித்து நின்றவர்கள்! அதே பகுதியில், பேரரசு காமன்வெல்த்தாக மாறியது பெரும்பாலும் ஒழுங்காகவே நடந்தது என்றும் சொல்கிறார்கள். பஞ்சாபிலும் வங்காளத்திலும் பிரிவினையில் செத்தவர்கள் எந்த ஒழுங்கில் சேர்த்தி?

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2020இல் நூற்றுக்கும் மேற்பட்ட வரலாற்றாசிரியர்கள், அடிமை வணிகத்தையும் பேரரசையும் நூல் திரித்துச் சொல்கிறது என்று உள்துறைக்குக் கடிதம் எழுதினார்கள். 2022இல் பிரபுக்கள் சபையின் நீதி, உள்விவகாரக் குழு இந்தத் தேர்வையே கடுமையாக விமர்சித்தது. முந்தைய பதிப்பில் மருத்துவரிடம் பதிவது எப்படி, அவசரத்துக்கு எந்த எண் என்று புழங்குகிற விஷயங்கள் இருந்தன. அவற்றைக் குறைத்துவிட்டு வரலாற்றைக் கொழுக்கவிட்டார்கள். நாட்டில் வாழத் தெரிகிறதா என்று பார்க்கிற தேர்வா இது?

புத்தகப்புழு_64
விமர்சனம் நியாயம்தான். ஆனால் தேர்வு அறையில் விமர்சனத்துக்கு மதிப்பெண் இல்லை. புத்தகம் சொல்வதுதான் அங்கே சரியான பதில். ஆகவே உண்மை வரலாறு தெரிந்தவருக்குத்தான் புத்தகம் இன்னும் அதிகம் தேவை: எங்கே நமக்குத் தெரிந்ததும் அவர்கள் எழுதியதும் விலகுகின்றன என்று பென்சிலால் கோடு போட்டு வைக்க வேண்டும். பொது அறிவை நம்பிப் போகிறவர்கள், குறிப்பாக இங்கேயே பல்கலைக்கழகம் படித்தவர்கள், அப்படித்தான் சறுக்குகிறார்கள்.

இன்னொன்று. முழுக்கக் குப்பை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பாட்னாவில் பிறந்து 1810இல் லண்டன் ஜார்ஜ் தெருவில் இந்துஸ்தானி உணவகம் திறந்த ஷேக் தீன் முகமது அதே நூலில் இருக்கிறார். வாக்குரிமைக்காகப் போராடிய சாசன இயக்கத்தாரின் (Chartists) ஆறு கோரிக்கைகளும் இருக்கின்றன. ஆண்டுதோறும் தேர்தல் என்ற ஒன்று தவிர மற்றவை நடைமுறைக்கு வந்துவிட்டன.

வழக்காடி
தப்பான ஆண்டைச் சரியென்று குத்திவிட்டுத்தான் குடிமகனாக வேண்டுமா? உங்கள் வாதமே என் வாதத்துக்குச் சாட்சி.

குரோய்டன்_அக்கா
தம்பிமார், சண்டையை வையுங்கோ. வழமையா ஆக்கள் மாட்டுப்படுற இடங்களைச் சொல்லுறன்.

கிரேட் பிரிட்டன் எண்டால் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் மட்டும். வட அயர்லாந்தைச் சேர்த்தால்தான் யூகே. சனல் தீவுகளும் ஐல் ஒஃப் மானும் யூகேக்குள்ள இல்லை, அவை முடியின்ர ஆள்புலங்கள், அரச முடிக்குக் கீழ தங்களைத் தாங்களே ஆளுற இடங்கள். கொடியில வேல்ஸின்ர டிராகன் இல்லாததுக்குக் காரணம், 1606இல முதல் யூனியன் கொடி வரேக்கையே வேல்ஸ் இங்கிலாந்தோட சேர்ந்திட்டுது.

பெவரிட்ஜ், பெவன் எண்ட ரெண்டு பேர். 1942 சமூகநல அறிக்கை லிபரல் கட்சி பெவரிட்ஜின்ர. 1948இல என்.எச்.எஸ் (அரசாங்க மருத்துவ சேவை) கொண்டு வந்தது அட்லியின்ர தொழிற்கட்சி அரசு, சுகாதார அமைச்சர் பெவன். 1944 கல்விச் சட்டம் பட்லர், அவர் கன்சர்வேட்டிவ். மூண்டு பேர், மூண்டு கட்சி, ஒரு கேள்விக்குள்ளேயே வரலாம்.

பெண்களின்ர வாக்குரிமை: 1918இல 30 வயசுக்கு மேல, 1928இல ஆம்பிளையளைப் போல 21. எல்லாருக்கும் 18 ஆனது 1969. யூரர் சபை (ஜூரி) இங்கிலாந்தில 12 பேர், ஸ்கொட்லாந்தில 15.

பழைய பிரதியை மலிவா வாங்கிறவை கவனம். 2013இல அச்சடிச்சதில வட அயர்லாந்துச் சபைக்கு 108 உறுப்பினர். 2017 தேர்தலில இருந்து 90. வேல்ஸின்ர சபைக்கு 2020இல பேரே செனெத் (Senedd) எண்டு மாறியிட்டுது. வாங்கேக்க பிந்தி அச்சடிச்ச பிரதியோ எண்டு பாருங்கோ.

ஷிப்ட்காரன்
அக்கா போட்ட இந்தப் பட்டியல்தான் நான் சொல்ற ஆப்! குழப்பம் வர்ற இடத்தை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்பக் கேக்குது. புத்தகத்தை ஒரு தடவை வேகமாப் புரட்டுறதை வேணா ஒத்துக்கிறேன், வரி வரியா வேண்டாம்.

புத்தகப்புழு_64
முதலில் ஆப், பிறகு புத்தகம் என்று போனால்தான் வம்பு. புத்தகத்தை ஒருமுறை நிதானமாக முடித்துவிட்டு, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் மாதிரிக் கேள்வி போடுங்கள். தவறிய கேள்வியின் பதிலை மட்டும் பார்த்துவிட்டுத் தாண்டாமல், அந்தப் பத்தியைத் திரும்பத் திறந்து படியுங்கள். பார்க்காத புதுத் தொகுப்பில் தொடர்ந்து 21, 22 வருகிறதா, பதிவு செய்யலாம். பழகிய தொகுப்பில் 24 வந்தால் அது உங்கள் ஞாபகத்தின் மதிப்பெண்.

ஹரோ_நிலவன்
எப்ப சோதனை எடுக்கிறது நல்லம்? விசா முடியிற மாசத்தில எடுத்தாக் காணுமோ?

குரோய்டன்_அக்கா
அப்பிடிச் செய்யாதேங்கோ. குறைஞ்சது மூண்டு நாளுக்கு முதல் புக் பண்ண வேணும். தவறினால் ஏழு நாள் கழிச்சுத்தான் திரும்ப எடுக்கலாம், மறுபடி 50 பவுண்ஸ். கிட்ட இருக்கிற நிலையத்தில இடமில்லாட்டில் இன்னும் இழுபடும். 2025 ஏப்ரலில ஐ.எல்.ஆர் கட்டணம் 3,029 பவுண்ஸா இருந்தது. சோதனை பாஸ் பண்ணாமல் அதைக் கட்டிப் போட்டு மறுப்பு வாங்கினால் காசும் போச்சு. பாஸுக்குக் காலாவதி இல்லை, அதால ரெண்டு வருசம் முந்தியே எடுத்து வைக்கலாம். ஐ.எல்.ஆருக்குப் பாவிச்ச அதே பாஸ் சிட்டிசன்ஷிப்புக்கும் செல்லும். பாஸ் பண்ணினால் தாற இலக்கத்தைத் துலைச்சுப் போடாதேங்கோ. 18 வயசுக்குக் கீழயும், 65 அல்லது அதுக்கு மேலயும் இருக்கிற ஆக்களுக்குச் சோதனையே இல்லை, அம்மா அப்பாவை வீணா வெருட்டாதேங்கோ.

ஷிப்ட்காரன்
இதுல மறுபேச்சு இல்ல. ஒண்ணு சேர்த்துக்கறேன்: நம்ம ஊர்ப் பெயர். சர்டிபிகேட்ல "எஸ். குமார்", பாஸ்போர்ட்ல அப்பா பெயரை விரிச்சு எழுதியிருக்கும். புக் பண்றப்போ கொண்டுபோகப் போற அடையாள ஆவணத்துல இருக்கிற பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடணும், அன்னைக்கு அதே ஆவணம் கையில இருக்கணும். பெயர் பொருந்தலைன்னா உள்ள விடமாட்டாங்க, 50 பவுண்டும் திரும்ப வராது. புக் பண்ணதுக்கு அப்புறம் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் குடுத்துட்டு வெறுங்கையோட நிக்காதீங்க.

வழக்காடி
அந்த 1947 வரிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

புத்தகப்புழு_64
கேள்வி வந்தால் புத்தகத்தில் இருப்பதைக் குத்துங்கள். வெளியே வந்ததும் உள்துறைக்கு எழுதுங்கள், கையெழுத்துப் போட நானும் வருகிறேன்.