அந்தி வந்தால் அழும் விடுதிப் பிள்ளைகள்: விளையாட்டை எப்படித் தொடர்வது?

கேள்வி: விடுதிக் காப்பாளர்

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு மாணவியர் விடுதியில் காப்பாளராக இருக்கிறேன். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 48 பேர். மாலை ஆறு மணிதான் இங்கே பொல்லாத நேரம். டீ குடித்துவிட்டுப் படிக்க உட்காரும் முன் வீட்டு நினைவு வந்து ஒருத்தி அழுவாள். அவளைப் பார்த்து இன்னும் நான்கு பேர்.

போன மாதம் ஒரு நாள் மின்சாரம் போயிற்று. சமையல் அக்கா முற்றத்தில் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, கூழாங்கற்களைப் பரப்பி ஐந்தாங்கல் ஆடிக் காட்டினார். எறிந்த கல் இறங்குவதற்குள் கீழே கிடப்பதை அள்ள வேண்டும். உயிரியல் புத்தகத்தை மார்போடு அணைத்தபடியே திரியும் பெண்கூட, கல் நழுவியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று இரவு யாரும் அழவில்லை. மறுநாளிலிருந்து தினமும் அரை மணி நேரம் ஒதுக்கினேன்.

இப்போது இரண்டு சிக்கல்கள். “பொதுத்தேர்வை வைத்துக்கொண்டு கல்லாட்டமா?” என்று ஒரு தந்தை தொலைபேசியில் சத்தம் போட்டார். இன்னொன்று, ஒரு பெண் மட்டும் தூணோரமே உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நாள் கையைப் பிடித்து இழுத்து வந்தேன், அழுதுவிட்டாள். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பதில்: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்

அம்மா, என் பாடவேளையைக் கணக்குக்குக் கடன் கேட்காத ஆண்டே இல்லை. ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, விளையாட்டை உரிமை என்கிறது. இந்தியா அதை 1992இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் சட்டம் சொல்லி அந்தத் தந்தையின் மனதை மாற்ற முடியாது. ஒரு மாலை அவரை வரச் சொல்லுங்கள். தன் மகள் சிரிப்பதை அவர் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்றோ!

பரிசு மட்டும் வைக்காதீர்கள். நான் வைத்தேன். மறுவாரமே விளையாட்டும் இன்னொரு தேர்வாகிவிட்டது.

பதில்: நாகப்பட்டினத்துக்காரர்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கடலோரக் குடியிருப்பில் பிள்ளைகளோடு மாலைநேரங்களில் விளையாடும் தன்னார்வலராக இருந்தேன். அலை பற்றி நாங்கள் கேட்கவே மாட்டோம். ‘குலை குலையாய் முந்திரிக்காய்’ ஆட வட்டமாக உட்கார்ந்தால் போதும். இரண்டு சுற்று ஓடிய பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டே அவர்களே சொல்ல ஆரம்பிப்பார்கள். ஒரு பையன் மட்டும் வரவே மாட்டான். சுற்றுகளை எண்ணும் வேலையை அவனுக்குக் கொடுத்தோம். மூன்று வாரம் எண்ணினான், பிறகு ஓடினான். அக்கா, அந்தப் பெண்ணுக்கும் ஒரு வேலை கொடுங்கள்.

பதில்: பள்ளி மனநல ஆலோசகர்

வேலை கொடுக்கும்போதே அவள் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்றும் கவனியுங்கள். இரண்டு வாரமாக இரண்டுமே கெட்டிருந்தால் விளையாட்டை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அரசின் இலவச மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் எண் 14416, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். ஒன்று கேட்கிறேன்: முற்றத்துச் சிரிப்பு எப்போதாவது அவளைப் பார்த்துச் சிரித்ததாக இருந்ததா?

விடுதிக் காப்பாளர்

ஆலோசகர் கேட்டது சரிதான். முதல் வாரம் அவள் எறிந்த கல் பக்கத்துப் பெண்ணின் நெற்றியில் பட்டிருக்கிறது, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாமல் போயிற்று. சாப்பாடும் தூக்கமும் சரியாக இருக்கின்றன.

கற்களைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்தேன். இன்னும் ஆடவில்லை. நேற்று அவளாகவே வந்து, “இரண்டு கல் கூர்மையாக இருக்கிறது மிஸ், மாற்ற வேண்டும்” என்றாள். சனிக்கிழமை அவளையும் சமையல் அக்காவையும் கூட்டிக்கொண்டு தாமிரபரணிக் கரைக்குப் போகிறேன்.