7 மெகாஹேர்ட்ஸ் றிசீவருக்கு மெயின் கரண்டா, பற்றரியா?

ஒட்டுசுட்டான்பெடியன்:
அமெச்சூர் றேடியோக்காரர் கதைக்கிற 7 மெகாஹேர்ட்ஸ் பட்டையைக் கேட்க, வீட்டில் இருந்து நானே செய்த டைரக்ட் கன்வர்ஷன் றிசீவர் (வருகிற அலையை நேரே ஒலியாக மாற்றுவது) ஒன்று வைத்திருக்கிறேன். என்இ602 மிக்சர், எல்எம்386 அம்ப், ஒஸிலேற்றருக்கு எஸ்ஐ5351. மோட்டர்சைக்கிள் பற்றரியில் போட்டால் இரவில் இந்தியாக்காரர் கதைப்பது அவ்வளவு தெளிவு. அதே றிசீவரை 12 வோல்ட் ட்ரான்ஸ்போமர், நாலு டயோட், 12 வோல்டில் நிறுத்துகிற 7812 ரெகுலேற்றர் என்று நான் பூட்டிய சப்ளையில் கொடுத்தால் "உம்ம்ம்" என்று ஒரே உறுமல், ஆட்களின் குரலே அதற்குள் தாண்டுவிடுகிறது. ஏரியலைக் கழற்றினால் உறுமல் நின்றுவிடுகிறது, அதுதான் விளங்கவில்லை. ஏரியல் ஜன்னலால் வெளியே போய் வேம்பில் கட்டிய ஒற்றை வயர், 10 மீற்றர் அளவில் வரும். இரைச்சல் இல்லாத சப்ளை எதுவென்று சொல்லுங்கோ. கையில் கனக்கக் காசு இல்லை.

இரும்புக்கோர்:
தம்பி, 12 வோல்ட் ட்ரான்ஸ்போமரை வைத்து 7812 ஓட்டுவது எங்கள் பக்கத்தில் சரிவராது. கணக்கைப் பார். 230 வோல்ட் வந்தால் 12ஐ 1.414ஆல் பெருக்கி, டயோட் இரண்டுக்கும் 1.4 கழித்தால் 15.6 வோல்ட். சரி, 7812க்குக் குறைந்தது 14 வேண்டும், தப்பிவிட்டாய். ஆனால் பின்னேரம் வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டர் எல்லாம் ஓடத் தொடங்கினால் லைன் கடைசியில் இருக்கிற வீட்டில் 190 வோல்ட்தான் நிற்கும், அப்போது உனக்கு 12.6தான் மிஞ்சும். ரெகுலேற்றர் கையை விரித்துவிடும், ரிப்பிள், அதாவது மெயினின் மிச்ச அலைவு, அப்படியே வெளியே வரும். 15 வோல்ட் ட்ரான்ஸ்போமர் போடு, 10,000 மைக்ரோபரட் கப்பாசிற்றர் போடு, வேலை முடிந்தது. 4700 எல்லாம் காணாது, பிறகு ட்ரான்ஸ்மிற்றர் கட்டி 2 அம்பியர் இழுத்தால் 4 வோல்ட் ரிப்பிள் வரும். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன், வேகமாகச் சுவிச் பண்ணி வோல்டை இறக்குகிற சுவிச்சிங் சப்ளை என்கிற சனியனை றேடியோ மேசைக்குக் கிட்டவும் கொண்டு வராதே.

வெயிலான்:
பற்றரியில் தெளிவாகக் கேட்கிறது என்று பெடியனே எழுதியிருக்கிறான், பிறகேன் ஐயா அவனை மெயினுக்கு இழுக்கிறீர்கள்? யுபிஎஸ்ஸில் இருந்து கழற்றிய 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பற்றரி இந்தச் சின்ன றிசீவருக்குக் கிழமைக்கணக்கில் போதும். மல்லாவியில் என் வீட்டில் றேடியோ மேசைக்கு மெயின் வயரே வரவில்லை. பகலில் சோலரில் சார்ஜ், இரவில் றேடியோ. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது நான் ஒரு குறையும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கரண்ட் இல்லாத நேரத்தில் 7 மெகாஹேர்ட்ஸ் எவ்வளவு அமைதி என்று அந்த நாட்களில் கேட்டவர்களுக்குத் தெரியும்.

தம்பி, பற்றரியின் பிளஸ் முனைக்குக் கிட்டவே ஒரு பியூஸ் போட மறக்காதே. றிசீவர் பக்கத்தில் போட்டுப் பிரயோசனமில்லை, நடுவில் வயர் உரசினால் பற்றரி வயரையே நெருப்பாக்கிவிடும்.

இரும்புக்கோர்:
மெயின் இல்லாத காலத்து அமைதியைப் பற்றி நீர் எனக்குச் சொல்லவேண்டியதில்லை. 90களில் வன்னிக்கு மெயினும் இல்லை, பற்றரியும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, 6 வோல்ட் டைனமோவுக்கு நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் போட்டு நாங்கள் செய்தி கேட்டோம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைப்பார். ஒரு பொருளைக் கையில் இருப்பதைக் கொண்டு ஓட்டுவது எப்படி என்று தெரிந்துதான் சொல்கிறேன், இப்போது மெயின் இருக்கிறது, ஒழுங்காகப் பாவி.

பற்றரிக்காரர் சொல்லாமல் விடுகிற பங்கு வேறொன்று. ஈயப் பற்றரியை அரைகுறைச் சார்ஜில் போட்டுவைத்தால் சல்பேற் படிந்து செத்துவிடும். உங்கள் சோலர் சார்ஜ் கொன்ட்ரோலர் எம்பிபிடி வகை (பனலில் இருந்து கூடிய பவரை எடுப்பது) என்றால் அதற்குள் இருப்பதும் சுவிச்சிங் சேர்க்கிற்றுத்தானே? கூரையில் இருந்து இறங்குகிற பனல் வயர் அதற்கு ஏரியல். பகலில் உங்கள் றேடியோவைப் போட்டுக்காட்டுங்கோ பார்ப்போம்.

வெயிலான்:
பகலில் கேட்பதென்றால் பனல் சுவிச்சை ஓஃப் பண்ணிவிடுவேன், அதற்கு என்ன பெரிய வித்தை. இரவில் கொன்ட்ரோலர் சும்மா கிடக்கும். பனலின் பிளஸ், மைனஸ் வயர் இரண்டையும் முறுக்கி ஒன்றாகக் கொண்டுவந்தால் பகலிலும் பாதி குறையும். பலர் ஒன்றைக் கூரையின் இந்தப் பக்கத்தாலும் மற்றதை அந்தப் பக்கத்தாலும் இறக்கி வீட்டைச் சுற்றி ஒரு வளைய ஏரியலே கட்டிவிட்டுப் பிறகு சோலரைத் திட்டுகிறார்கள்.

சிப்புராசா:
எல்லாரும் பழைய காலத்துக் கதை கதைக்கிறீர்கள். எல்டி3045 என்று ஒரு ரெகுலேற்றர் இருக்கிறது, அதன் இரைச்சல் 0.8 மைக்ரோவோல்ட். 7812இன் இரைச்சல் 75 அளவில். ஓடர் பண்ணிப் போடு தம்பி, பிறகு எந்தச் சப்ளை என்றாலும் ஒன்றுதான்.

தாண்டிக்குளம்:
தம்பியின் கேள்விக்கான விடை அவரின் முதல் பதிவிலேயே கிடக்கிறது, மூன்று பேர் எழுதியும் அதை ஒருவரும் தொடவில்லை. ஏரியலைக் கழற்றினால் உறுமல் நிற்கிறது. இரும்புக்கோர் ஐயா சொல்வதுபோல 7812 தாக்குப்பிடிக்காமல் ரிப்பிள் வருகிறதென்றால் ஏரியல் இருந்தாலென்ன கழற்றினாலென்ன உறுமல் அப்படியே இருந்திருக்கும். சிப்புராசா சொல்கிற 75 மைக்ரோவோல்டும் அதே மாதிரித்தான், அதற்கும் ஏரியலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

நடப்பது இது. 7 மெகாஹேர்ட்ஸில் 10 மீற்றர் வயர் கால் அலைநீளம். அந்த ஏரியலுக்கு ஒரு மறுபாதி வேண்டும், நீங்கள் கொடுக்கவில்லை. ஆகவே றிசீவர் தானே ஒன்றைப் பிடித்துக்கொண்டது, சப்ளை வயர், ட்ரான்ஸ்போமர், அங்கிருந்து வீட்டு வயரிங் முழுவதும். ஒஸிலேற்றரில் இருந்து கொஞ்சம் கசிந்து அந்த வயர் வழியே டயோட்டுக்குப் போகிறது, டயோட் வினாடிக்கு 100 தரம் திறந்து மூடுகிறது, அந்த 100 ஹேர்ட்ஸையும் சுமந்துகொண்டு அது திரும்ப ஏரியலில் ஏறுகிறது. ஒஸிலேற்றரின் அதே அலைவரிசை என்பதால் மிக்சரில் கலந்தவுடன் நேரே உறுமலாகக் காதுக்கு வரும். டைரக்ட் கன்வர்ஷன் றிசீவர் கட்டிய எவரும் ஒருநாள் சந்திக்கிற வியாதி இது. பற்றரியில் டயோட்டும் இல்லை, சுவருக்குப் போகிற வயரும் இல்லை, அதனால் அங்கே கேட்கவில்லை, பற்றரிக் கரண்ட் புனிதமானது என்பதால் அல்ல.

வயருக்கு மறுபாதியாக இன்னொரு 10 மீற்றர் வயரை றிசீவரின் ஏர்த் முனையில் கொழுவி நிலத்தோடு விரித்துவிடுங்கோ. சப்ளையின் இரண்டு வயரையும் சேர்த்து றேடியோ அலையைத் தடுக்கிற ஒரு கறுப்புப் பெரைற் வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றுங்கோ, 31 அல்லது 43 வகை என்றால் நல்லது. ஒரே ஒரு வயரை மட்டும் சுற்றினால் வேலை செய்யாது.

இரும்புக்கோர்:
பிள்ளை சொல்கிற வியாதி எனக்கும் தெரியும். அதற்கு மருந்து ஒவ்வொரு டயோட்டுக்கும் குறுக்கே 10 நனோபரட் கப்பாசிற்றர். நாலு கப்பாசிற்றரில் முடிகிற வேலைக்கு நிலமெல்லாம் வயர் விரிக்கச் சொல்கிறீர்கள், மாடு காலில் கொழுவிக்கொண்டு போகும்.

தாண்டிக்குளம்:
அதையும் போடட்டும் ஐயா, நல்லதுதான். ஆனால் அது டயோட்டை மட்டும்தான் அடக்கும். மறுபாதி இல்லாத ஏரியல் வீட்டு வயரிங்கில் ஓடுகிற எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வரும், எல்ஈடி பல்ப், ரிவி, பக்கத்து வீட்டுப் போன் சார்ஜர். ஐடியு என்கிற சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.372 பரிந்துரைப்படி கணக்குப் போட்டால் 7 மெகாஹேர்ட்ஸில் நகரத்தைவிடக் கிராமத்தில் மனிதர் உண்டாக்குகிற இரைச்சல் 10 டெசிபல் அளவில் குறைவு. கொழும்பில் இருப்பவருக்குக் கிடைக்காத அந்தப் 10 டெசிபலை வன்னியில் இருந்துகொண்டு ஒரு வயரின் சோம்பலில் தொலைக்கலாமா?

சுவிச்சிங் சனியன் என்றதற்கும் ஒன்று சொல்லவேண்டும். என் மேசையில் ஓடுவது பழைய லப்டொப் அடப்டர்தான், 19 வோல்ட். அதன் வயரில் பெரைற், பிறகு ஒரு ரெகுலேற்றர். 7.0 முதல் 7.2 வரை திருகினால் ஒரு இடத்தில்கூட அதன் சத்தம் கேட்காது.

இரும்புக்கோர்:
உங்கள் அடப்டர் நல்லதாக இருக்கலாம். என் கடைக்கு வருகிறவற்றை நீங்கள் திறந்து பார்க்கவேண்டும். போர்ட்டில் மெயின் வருகிற இடத்தில் இரைச்சலை வடிகட்டுகிற கொயிலின் படம் வெள்ளையாக அச்சடித்திருக்கும், நாலு ஓட்டையும் இருக்கும், கொயில் இராது. அந்த இடத்தில் இரண்டு வயர்த்துண்டைக் குறுக்கே ஈயம் வைத்து ஒட்டியிருப்பான். பக்கத்தில் கப்பாசிற்றருக்கு என்று விட்ட இடமும் வெறுமை. டிசைன் பண்ணினவன் ஒழுங்காகத்தான் பண்ணினான், விற்கிறவன் கழற்றிவிட்டான். அப்படியொன்று 65 கிலோஹேர்ட்ஸில் சுவிச் பண்ணினால் ஒவ்வொரு 65 கிலோஹேர்ட்ஸுக்கும் ஒரு கூச்சல், பெடியன் கேட்கிற பட்டையில் மூன்று இடத்தில் வந்து நிற்கும், சூடேற ஏற இடமும் மாறும். ட்ரான்ஸ்போமரில் கழற்றி விற்க ஒன்றும் இல்லை, செம்பும் இரும்பும்தான்.

தம்பி, இதை வாசித்துவிட்டு உடனே ஒரு அடப்டரைத் திறக்க வெளிக்கிடாதே. பிளக்கைக் கழற்றின பிறகும் உள்ளே கப்பாசிற்றரில் 325 வோல்ட் நிற்கும்.

வெயிலான்:
15 வோல்ட் ட்ரான்ஸ்போமரில் 2 அம்பியர் இழுத்தால் ரெகுலேற்றரில் 15 வாற்றுக்குக் கிட்ட வெறும் சூடாகப் போகும், அதை ஒருவரும் சொல்லவில்லை. சோறு வடிக்கலாம் அதில்.

இரும்புக்கோர்:
ஹீற்சிங் என்று ஒரு பொருள் இருக்கிறது ஐயா.

சிப்புராசா:
அப்ப குறைந்த இரைச்சல் ரெகுலேற்றர் தேவையே இல்லை என்கிறீர்களா? டைரக்ட் கன்வர்ஷனில் ஓடியோ பக்கம் 100 டெசிபல் அளவுக்குப் பெருக்கம். சப்ளையில் கிடக்கிற சின்ன இரைச்சலும் முதல் அம்பிலேயே ஏறிவிடும்.

தாண்டிக்குளம்:
அது நியாயமான கேள்வி. முதல் ஓடியோ நிலைக்கும் மிக்சருக்கும் போகிற சப்ளை வயரில் 100 ஓம் ஒன்று, அதிலிருந்து நிலத்துக்கு 100 மைக்ரோபரட் ஒன்று. 16 ஹேர்ட்ஸில் இருந்தே வெட்டத் தொடங்கும், 1 கிலோஹேர்ட்ஸில் 36 டெசிபல் குறையும். சில மில்லி அம்பியர் இழுக்கிற இடம், வோல்ட் விழுவதும் பெரிதில்லை. எல்எம்386இன் 7ஆவது காலுக்கு 10 மைக்ரோபரட் போட்டதா என்றும் பாருங்கோ, சேர்க்கிற் படங்களில் பாதியில் அதை விட்டுவிடுகிறார்கள். எஸ்ஐ5351க்குத் தனியாக ஒரு சின்ன ரெகுலேற்றர் கொடுங்கோ, ஒஸிலேற்றர் சப்ளையில் இருக்கிற இரைச்சல் நேரே அதன் சமிக்ஞையில் ஏறும். அந்த ஒரு இடத்துக்கு நீங்கள் சொல்கிற விலை கூடிய சிப்பை வாங்கினாலும் நான் குறை சொல்லமாட்டேன். முழு றிசீவருக்கும் அதைப் போடுவது காசுக்குப் பிடித்த கேடு.

வெயிலான்:
ஐப்பசி கார்த்திகையில் இடி தொடங்கினால் அக்கா விரிக்கச் சொன்ன வயரும் வேம்பில் கட்டின வயரும் மெயின் ஏர்த்தோடு தொடுத்துக்கிடந்தால் என்ன நடக்கும் என்றும் யோசியுங்கோ. பற்றரி என்றால் ஏரியலைக் கழற்றி வெளியே எறிந்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

தாண்டிக்குளம்:
இடிக்கு பற்றரியும் ஒன்றுதான், ட்ரான்ஸ்போமரும் ஒன்றுதான். வானம் கறுத்தால் ஏரியலையும் கழற்று, பிளக்கையும் கழற்று. இதில் வாதாட ஒன்றும் இல்லை.

ஒட்டுசுட்டான்பெடியன்:
எல்லாருக்கும் நன்றி. பெரைற் வளையம் கிடைக்கவில்லை, பழைய மொனிற்றர் கேபிளில் இருந்த குண்டை உடைத்து எடுத்து அதில் ஏழு சுற்றுத்தான் சுற்ற முடிந்தது. வேலியோரம் 10 மீற்றர் வயர் விரித்தேன், மாடு போகாத பக்கம். டயோட்டுக்கு நாலு 10 நனோபரட்டும் போட்டேன். உறுமல் போய்விட்டது, இயர்போனைக் காதில் அழுத்திப் பிடித்தால் மட்டும் கொஞ்சம் இருக்கிற மாதிரி. ஆனால் பின்னேரம் 6 மணிக்குப் பிறகு வேறொரு மெல்லிய உறுமல் வருகிறது, ஏரியலைக் கழற்றினாலும் போகவில்லை.

இரும்புக்கோர்:
நான் சொன்னேன்தானே, கப்பாசிற்றர் போட்டதும் போய்விட்டது. பின்னேர உறுமல் மோட்டர் ஓடுகிற நேரத்து வோல்ட் இறக்கம். 15 வோல்ட் ட்ரான்ஸ்போமர் வாங்கு.

தாண்டிக்குளம்:
பின்னேர உறுமலில் ஐயா சொல்வது சரி, ஏரியல் கழற்றியும் நிற்கிறதென்றால் அது ரிப்பிள்தான். 7812க்கு உள்ளே போகிற வோல்டை மீற்றரில் அளந்துவிட்டு வாங்குங்கோ. முதல் உறுமலைப் போக்கியது எதுவென்று அறிய வேண்டுமென்றால் டயோட்டில் இருந்து அந்த நாலு கப்பாசிற்றரையும் கழற்றிவிட்டு ஒருக்கால் கேட்டு எழுதுங்கோ.

இரும்புக்கோர்:
கழற்றுவதென்றால் முதலில் வேலியோர வயரைக் கழற்று தம்பி.